தரையில் உட்கார்ந்து கேட்டது

எங்கள் வீட்டுக் கூடத்தில் பால்கனிக் கதவை ஒட்டி நல்ல வெளிச்சம் விழும் இடம் ஒன்று உண்டு. காலையில் அம்மா காய் நறுக்குவதும் சாயங்காலம் கீரை ஆய்வதும் அங்கேதான். அதற்கு நேர் எதிரே, எட்டடி தள்ளி, சுவரோரமாகத் தரையில் என் கிட்டார் ஆம்ப், அதாவது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி, இருந்தது. டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் 15 வாட் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர். அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருஷமாக அம்மா சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான். "சத்தம் ஜாஸ்தின்னு சொல்லலடா. காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு." நான் உடனே சத்தத்தைக் குறைப்பேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்.

சத்தம் ஜாஸ்தி இல்லை என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான் அதைச் சத்தத்தைப் பற்றிய குறையாகவே எடுத்துக்கொண்டேன். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் வீட்டில் யாருக்காவது தொந்தரவாகத்தான் இருக்கும் என்று வாசிக்கிற எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறோம். அந்த முடிவோடு கேட்டால், எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் "குறை" என்ற ஒரே சொல்தான் காதில் விழும். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வருஷத்தைப் பற்றியது. நடுவில் ஆம்ப் பற்றியும் நிறைய வரும். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஊசியைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான்.

வால்யூம் இரண்டு

வீட்டில் வால்வு ஆம்ப் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வார்கள். பத்து வரை போகும் குமிழ், ஆனால் இரண்டைத் தாண்டியதே இல்லை. வாங்குவதற்கு முன் நான் அதிகம் யோசித்தது வாட்டைப் பற்றித்தான். 30 வேண்டாம், 15 போதும், அபார்ட்மெண்ட்டுக்கு அது பாதிதானே என்று கணக்குப் போட்டேன். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சத்தம் பாதியாகக் குறைந்தது போலக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 30 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் அதற்கு மேல் மாறிவிடும்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது ஸ்பீக்கர் பெட்டியின் மேல் போட்டிருந்த இன்னொரு எண். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல். கிட்டார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஒரே ஒரு வாட்டுக்கே 97. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல். ராத்திரி எட்டு மணிக்கு, கீழ்வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தில், பேச்சைவிடச் சற்றே உரக்க, 67 டெசிபலில் நான் வாசிக்கிறேன் என்றால் ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 வாட்டில் மிச்சம் எல்லாம் சும்மா காத்திருக்கிறது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த எண்களைப் பார்த்த பிறகு வாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். ஐந்து வாட் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இந்த ஆம்ப்கள் எல்லாம் மேடைக்காகப் பிறந்தவை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரும், அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும், டிரம்ஸுக்கும் கூட்டத்துக்கும் மேலே கிட்டார் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அந்தக் காலத்து மேடைகளில் கிட்டாருக்குத் தனியாக மைக் வைக்கும் வழக்கம் அவ்வளவாக இல்லை. ஆம்பில் இருந்து வருவதுதான் கடைசி வரிசை வரை போக வேண்டும். அந்தச் சர்க்யூட்டுகளின் வாரிசுகளைத்தான் நாம் கூடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் வித்தியாசம் சத்தத்தின் அளவில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பிடித்தது உடையாத, சுத்தமான ஒலி. பழைய சினிமாப் பாட்டுகளின் நடுவில் வருகிற சின்னச் சின்ன கிட்டார் துணுக்குகள், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மெதுவான கார்டுகள். இரண்டில் வைத்தால் அது ஒல்லியாக, உயிரில்லாமல் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, மேல் ஸ்தாயியைத் தூக்கும் டிரெபிள் குமிழைக் கூட்டினேன். ஐந்து, ஆறு, கடைசியில் ஏழு. அப்போதுதான் கம்பியின் மினுக்கம் எனக்குக் கேட்டது. அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக முறத்தோடு எழுந்து போனார் என்று நினைக்கிறேன். அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அப்புறம் எல்லோரும் செய்வதைச் செய்தேன். புது ஸ்பீக்கரை நிறைய நேரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டும் என்றார்கள், பழக்கினேன். வால்வை மாற்றினால் சரியாகும் என்றார்கள், மாற்றினேன். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டெனுவேட்டர் வாங்கி வைத்தேன். ஆம்ப் தரும் சக்தியில் பெரும்பகுதியை அது சூடாக்கி வீணடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். குமிழை ஆறில் வைக்கலாம், கூடத்தில் சத்தம் இரண்டில் இருப்பது போலவே இருக்கும். அதை வைத்து வாசித்த அன்று அம்மா எழுந்து போகவில்லை. நானும் கவனித்தேன். வால்வு நன்றாக உழைத்தால்தான் இனிமை வரும் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான் என்று எழுதிக்கூட வைத்தேன். ஆனால் ஆறில் ஒலி உடைந்துவிடுகிறது, நான் கேட்ட சுத்தமான ஒலி அதில் இல்லை. ஆகவே அட்டெனுவேட்டர் அலமாரிக்குப் போனது. சரியான தடயம் கையில் கிடைத்தும் அதற்குத் தவறான காரணத்தை எழுதி மூடி வைத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

கீரைக்கட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியிலிருந்து வந்திருந்த அக்கா மகன் கிட்டாரைக் கேட்டான். கொடுத்துவிட்டு நான் போய் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முருங்கைக்கீரை இரண்டு கட்டு இருந்தது, ஒன்றை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து, குமிழ் எதையும் தொடாமல், ஒரு சி கார்டைத் தட்டினான்.

அது என் ஆம்ப் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. மேல் கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் வந்து குத்தின. பிக் கம்பியில் உரசும் சத்தம் தகரத்தைக் கீறுவது போல இருந்தது. நான் அவனிடம், "டிரெபிளை ஏத்தினியாடா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, நீங்க வெச்ச மாதிரியேதான் இருக்கு." எழுந்து நாற்காலிப் பக்கம் போய் நின்றேன். மென்மையாக, நான் தினம் கேட்கும் ஒலி. திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தேன். ஊசி. அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதத்தான் சொல்றேன் ரெண்டு வருஷமா" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அன்றைக்கு முழுக்க வாசிக்கப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், நானும் அவரும் இரண்டு வேறு ஆம்ப்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு நல்லதாகக் கேட்டதை எனக்காக மேலும் மேலும் திருத்தி, அதன் விலையை அவர் காதில் ஏற்றியிருக்கிறேன்.

காரணம் எளிது, தெரிந்ததும்கூட. ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனின் அகலத்தைவிட ஒலியின் அலைநீளம் சிறியதாகப் போகப் போக, அந்த ஒலி பரவாமல் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். 12 அங்குலக் கோனில் இது 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான், அங்கே கற்றை நன்றாகக் குறுகிவிடும். தரையில் இருக்கும் ஆம்பின் கோன் நடுப்புள்ளி முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்த என் காது நான்கடி உயரத்தில். கற்றையிலிருந்து நான் 45 டிகிரிக்கு மேல் விலகியிருக்கிறேன். எட்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்த அம்மாவின் காது இரண்டரை அடி உயரத்தில். அவர் ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே இருக்கிறார். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இதே பகுதியைத்தான். என் முழங்காலுக்கும் அவர் காதுக்கும் நான் டிரெபிளை ஏழில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே பழைய தேக்கு முக்காலி ஒன்றை எடுத்து ஆம்பை அதன் மேல் ஏற்றி, முன்பக்கம் கட்டை கொடுத்துப் பின்னால் சாய்த்தேன். இப்போது கற்றை என் முகத்துக்கு வந்தது. ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை. டிரெபிள் ஏழிலிருந்து மூன்றுக்கு வந்தது. தரையை விட்டு எழுந்ததில் அடித்தொண்டை போன்ற ஒரு முழக்கமும் போனது. சுவர் மூலையும் தரையும் சேர்ந்து பாஸை, அதாவது கீழ் ஸ்தாயியை, பெருக்கிக் காட்டியிருக்கின்றன. வீட்டில் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: எதையும் வாங்குவதற்கு முன்னால் அதைக் காது உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது நீங்கள் தரைக்கு இறங்குங்கள். கூடத்தில் வேறு யார் எங்கே உட்காருவார்களோ அங்கேயும் போய் ஒருமுறை கேளுங்கள்.

ஆனாலும் ஊசி முழுதாகப் போகவில்லை. டிரெபிளை மூன்றுக்குக் கீழே இறக்கினால் கம்பியின் உயிரும் சேர்ந்து போகிறது. மூன்றில் வைத்தால் ஒரு முனை மட்டும் மிச்சமிருக்கிறது. இப்போது எனக்கும் அது கேட்கிறது என்பதால், விட மனசு வரவில்லை.

ரிச்சி தெரு

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். வால்வு ரேடியோ காலத்தில் தொழில் கற்றவர். அப்புறம் கோயில் திருவிழா, கல்யாண மண்டபத்து ஆம்ப்கள். கிட்டார் ஆம்ப் எதுவும் பெரிதாகப் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பின்பக்கத்தைத் திறந்து வால்வுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஈ.எல். 84. இது நம்ம ரேடியோ வால்வு தம்பி." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்த அதே வால்வு இரண்டைக் காட்டினார். ஒருகாலத்தில் வீட்டுக் கூடத்தில் செய்தியும் பாட்டும் சொன்ன வால்வு. அது எங்கள் வீட்டுக் கூடத்தில் எப்படி ஊசியானது?

அவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "எப்பவும் எத்தனைல வெச்சு வாசிப்பீங்க?" ரெண்டு என்றேன். "அதுக்கு மேல வெச்சப்ப ஊசி இருந்துச்சா?" எனக்கு அட்டெனுவேட்டர் நினைவுக்கு வந்தது. ஆறில் வாசித்த அன்று அம்மா எழுந்து போகவில்லை. சொன்னேன். "அப்ப வால்வு இல்ல. வால்யூம் கண்ட்ரோல் பக்கம் பாக்கணும்."

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவர் உடனே கை வைக்கவில்லை. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஃபில்டர் கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், ஆளையே கொல்லக்கூடியது. ஒரு பெரிய ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து அதை வடித்து, மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரும் வரை காத்திருந்தார். அளக்கும்போது இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது, ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் போகக்கூடாது என்பதற்காக. ஐம்பது வருஷப் பழக்கம், யோசிக்காமலே நடக்கிறது. வீட்டில் தானாகவே திறந்து பார்க்க நினைக்கும் நண்பர்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன். இந்த வேலையை அறிந்தவர் பக்கத்தில் இல்லாமல் வால்வு ஆம்பைத் திறக்காதீர்கள்.

வால்யூம் கண்ட்ரோலின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே, மிளகைத் தட்டையாக்கியது போல ஒரு பழுப்பு டிஸ்க் கண்டென்சர். 100 பிகோஃபாரட். ஆம்ப் திருத்துபவர்கள் பிரைட் கேப் என்று சொல்வது இதைத்தான். குமிழைக் குறைத்து வைக்கும்போது மற்ற ஒலியெல்லாம் அந்த 1 மெகாஓம் கண்ட்ரோல் வழியாகச் சுற்றி, இளைத்து வருகிறது. மேல் ஸ்தாயி மட்டும் இந்தக் கண்டென்சர் வழியாகக் குறுக்கு வழியில் தப்பிப் போய்விடுகிறது. குமிழ் முழுதாகத் திறந்திருந்தால் இரண்டு கால்களும் ஒன்றாகிவிடும், கண்டென்சருக்கு வேலையே இல்லை. குமிழ் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு அதன் ஆட்சி. என் ஆம்பில், இரண்டில் வைத்தால், ஏறத்தாழ 1,800 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் அந்தக் குறுக்கு வழியில் ஏற ஆரம்பிக்கும் என்று பெரியவர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். டிரெபிள் குமிழ் வேறொரு இடத்தில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருப்பதால், அதைத் திருகித் திருகி இதை அடக்க முடியாது.

மேடையில் இதற்கு நியாயம் இருக்கிறது. கூட்டத்திலும் சிம்பல் சத்தத்திலும் மேல் ஸ்தாயி மங்கிவிடும், கண்டென்சர் அதைத் தூக்கிக் கொடுக்கும். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பில் இது 47 பிகோஃபாரட். மார்ஷலின் 100 வாட் சூப்பர் லீடில் 5,000 பிகோஃபாரட். இரண்டையும் வீட்டில் வைத்து வாசிப்பவர்கள் முதலில் கத்தரிப்பது இதைத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கூடத்தில் கதை தலைகீழ். 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது போல, சத்தம் குறையும்போது காதுக்கு முதலில் தேய்ந்துபோவது பாஸ். ஆக, குறைந்த சத்தத்தில் காது அடியைத் தொலைக்கிறது, கண்டென்சர் நுனியைத் தூக்குகிறது, ஸ்பீக்கர் அந்த நுனியை ஒரே திசையில் பாய்ச்சுகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பெரியவர் அதை முழுதாகக் கழற்றவில்லை. ஒரு காலை மட்டும் கத்தரித்து, நுனியில் ஸ்லீவ் மாட்டி மடக்கி விட்டார். "நாளைக்கு மேடைக்கு எடுத்துட்டுப் போனா வேணும். திரும்பப் பத்த வெச்சுக்கலாம்." அந்த வேலைக்கு மொத்தம் ஐந்து நிமிஷம். காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்த ஐம்பது ரூபாயில் ஒரு ஃபியூஸும் சேர்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது, வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் எந்த மாதிரி என்று கேட்டார். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாதி வேகத்தில் வைத்தால் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் அது கிளப்பும் இரைச்சலைப் பிடிக்கும், வாசிக்கும்போது முழு வேகத்தில் வையுங்கள் என்றார். சென்னை வீடுகளில் கிட்டார் வாசிக்கும் எல்லோருக்கும் அந்த "ஜ்ஜ்" தெரியும். நான் அதை ஆம்பின் குறை என்றே நினைத்திருந்தேன். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இரைச்சல் இன்னும் கூடுவதற்கும் ஆம்ப் காரணமில்லை. இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தின் அலை வடிவம் கரடுமுரடாக இருப்பதுதான் காரணம்.

முறம்

வீட்டுக்கு வந்து முக்காலியில் வைத்து, ஃபேனை ஐந்தில் போட்டு, வால்யூமை இரண்டில் வைத்தேன். முதல் கார்டு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் கூர்மைக்குப் பழகிய காது அது. டிரெபிளை நான்குக்கு ஏற்றினேன். பாஸை ஐந்திலிருந்து ஆறுக்கு. அப்புறம்தான் கார்டில் நடுக் கம்பிகள் இருப்பதே தெரிந்தது. டி கம்பியும் ஜி கம்பியும் ஒன்றோடொன்று உரசிப் பேசும் அந்த இடம், மேடையில் கேட்காத, கூடத்தில் மட்டும் கேட்கிற இடம். இதற்கு முன் மினுக்கம் என்று நினைத்து நான் துரத்தியது இதுவே இல்லை.

எழுந்து போய் பால்கனிக் கதவருகே தரையில் உட்கார்ந்தேன். வாசிக்க ஆள் இல்லாததால், செல்போனில் பதிவு செய்திருந்த என் வாசிப்பை ஆம்ப் வழியாக ஓடவிட்டேன். அது சரியான பரிசோதனை இல்லை, தெரியும். ஆனாலும் ஊசி இல்லை என்பது அந்த உயரத்தில் நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா வழக்கம் போல வந்து உட்கார்ந்தார். அகத்திக்கீரை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுத் துணுக்கு ஒன்றை எடுத்து, மெதுவாக, இருபது நிமிஷம் வாசித்தேன். நடுவில் இரண்டு தடவை அவர் பக்கம் பார்த்தேன். இலையை உருவுவதும் காம்பைத் தனியே போடுவதுமாக இருந்தார். கீரை முடிந்தது. முறம் மடியில் காலியாக இருந்தது. அவர் எழுந்துகொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "அந்த முதல்ல வாசிச்சது என்ன பாட்டு, பாதியிலயே விட்டுட்டியே" என்றார்.